கல்லூரி ஐஸ் ஹாக்கி பிளேஆஃப்: மூலையில் உட்காரவா, கூரையில் கேமரா கட்டவா?

பனிக்காலி | மார்ச் 4, இரவு 10.12

வணக்கம். நியூயார்க் மாநிலத்தின் வட பகுதியில் ஒரு சின்ன ஊரில் முதுகலை படிக்கிறேன். மாணவர் பத்திரிகைக்கு விளையாட்டுப் படங்கள் எடுத்துக் கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது, ஆட்டம் உள்ள நாளில் பீட்சா உண்டு.

வரும் வெள்ளிக்கிழமை எங்கள் ஆண்கள் ஐஸ் ஹாக்கி அணிக்குக் காலிறுதி தொடங்குகிறது. மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். வெள்ளி, சனி, தேவைப்பட்டால் ஞாயிறு. மூன்றும் எங்கள் ரிங்கிலேயே (பனி மைதானம்). சீசன் முழுக்கப் பார்வையாளர் படிக்கட்டில் நின்றுதான் எடுத்தேன். இந்த முறை கேட்டுப் பார்த்ததில் இரண்டு அனுமதி கிடைத்தது. ஒன்று, கிழக்கு மூலையில், ரிங்கைச் சுற்றியுள்ள கண்ணாடியில் படமெடுக்கத் துளை போட்டிருக்கும் இடத்தில் ஒரு ஸ்டூல். இன்னொன்று, கூரைக்கடியில் ஓடும் கேட்வாக்கில், மேற்கு கோலுக்கு மேலே ஒரு ரிமோட் கேமரா. ரிங்க் பராமரிப்பு ஆள் கூட வந்து நிற்பார்.

கையில் இருப்பவை: ஃபுல் ஃபிரேம் பாடி இரண்டு, 70-200 எஃப் 2.8, 24-70 எஃப் 2.8, பழைய 85 எஃப் 1.8, தூரத்திலிருந்து கேமராவைச் சுட ரேடியோ டிரிகர் ஒரு ஜோடி.

கூரைக் கேமரா அவ்வளவு மெனக்கெடலுக்குத் தகுமா? இல்லை, இரண்டு பாடியையும் கீழேயே வைத்துக்கொள்ளவா? இதுவரை ரிங்க் ஓரத்தில் உட்கார்ந்ததே இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

எழும்பூர் கேலரி | மார்ச் 4, இரவு 10.40

ஹாக்கி என்று பார்த்ததும் ஓடி வந்தேன். உள்ளே வந்தால் பனி! நான் எடுத்ததெல்லாம் எழும்பூர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில், நீலத் தரையில். 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி நடந்தபோது வியர்வையில் வியூஃபைண்டர் மங்கியதுதான் என் பெரிய பிரச்சினை.

சும்மா ஒரு சந்தேகம். டிவியில் பார்க்கும்போது எனக்கு அந்தக் கறுப்பு வட்டு கண்ணிலேயே படுவதில்லை. படத்தில் விழுமா?

மினசோட்டா மாமா | மார்ச் 4, இரவு 11.55

விழும். ஆனால் அதைத் துரத்தினால் விழாது. பக் என்பது 3 அங்குல விட்டம், 1 அங்குல கனம் உள்ள ரப்பர். நல்ல ஷாட் மணிக்கு 140 கிலோமீட்டர் போகும். கணக்குப் போட்டால் 1/1000 நொடியில் கிட்டத்தட்ட 4 செ.மீ. நகர்ந்துவிடுகிறது, அதாவது தன் விட்டத்தில் பாதி. ஷட்டரை 1/2000 வைத்தால் 2 செ.மீ. அதனால் பக்கைப் பார்க்காதீர்கள், கோல்கீப்பரின் கண்ணைப் பாருங்கள், அல்லது அடிப்பவன் தோளைப் பாருங்கள். பக் தானாகச் சட்டத்துக்குள் வரும்.

பனிக்காலி தம்பிக்கு: பதினோரு சீசனாக இங்கே கல்லூரி ஆட்டம் எடுக்கிறேன். ரிங்க் ஓரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் துளை உள்ளங்கை அகலம்தான் இருக்கும். லென்ஸ் முனை துளைக்குள் இருக்கலாம், கண்ணாடியின் உள்பக்க மட்டத்தைத் தாண்டி ஒரு விரல் கூட நீளக் கூடாது. 90 கிலோ ஆள் அந்தக் கண்ணாடியை உரசிக்கொண்டு முழு வேகத்தில் வருவான். உன் லென்ஸ் போவது வேறு விஷயம், அவன் தோள் போய்விடும். ரிங்க் ஓரப் பலகையை ஒட்டி பக் சுற்றி வரும்போது கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுத்துவிடு. வீரன் கண்ணாடியில் மோதினால் கண்ணாடி உன் பக்கம் ஓரிரு அங்குலம் வளைந்து வரும். புருவத்தில் கேமரா இடித்து ரத்தம் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம். முதல் பீரியட் முழுக்க நீ பயந்துகொண்டேதான் இருப்பாய், பரவாயில்லை.

எக்ஸ்போஷர். கேமராவின் மீட்டர் பனியைச் சாம்பலாக்கப் பார்க்கும். மேனுவலில் வை. பனி வெள்ளையாக, ஆனால் சறுக்குக் கோடுகள் தெரியும் அளவில் நிற்கட்டும். மீட்டர் சொல்வதைவிட ஒரு ஸ்டாப், ஒன்றேகால் ஸ்டாப் கூடுதலாக இருக்கும். சின்ன ரிங்க் என்றால் எஃப் 2.8, 1/1000, ஐஎஸ்ஓ 4000 முதல் 6400 வரை எதிர்பார்.

இனி முக்கியமானது. கல்லூரி ஹாக்கி என்ஹெச்எல் (அமெரிக்க, கனடா தொழில்முறை லீக்) மாதிரி இல்லை. அங்கே பாதி வைசர், வாய், பல், தாடி எல்லாம் தெரியும். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி கல்லூரிப் பையன்கள் எல்லாருக்கும் முகம் முழுக்கப் பாதுகாப்பு கட்டாயம். பெரும்பாலும் கம்பிக் கூண்டு. மேலிருந்து விழும் விளக்கு, தலையில் ஹெல்மெட், முன்னால் கம்பி. படிக்கட்டில் நின்று எடுத்தால் முகம் இருக்கும் இடத்தில் ஒரு கறுப்புக் குழிதான். உன் சீசன் படங்களைத் திறந்து பார், நான் சொல்வது புரியும். கீழே ஸ்டூலில் உட்கார்ந்தால் பனியே ரிஃப்ளெக்டர் ஆகிறது. கீழிருந்து வெளிச்சம் ஏறி கம்பிக்குள் போகிறது. கண் தெரியும். அதற்காகவே மூலை வேண்டும்.

முகம் பிடிக்கும் ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடு. சில கேமராக்கள் கூண்டுக் கம்பியைப் பிடிக்கும், சில பின்னால் பாப்கார்ன் தின்பவரைப் பிடிக்கும். மார்பில் உள்ள எழுத்தில் புள்ளியை வை, பின்பக்க பட்டனில் ஃபோகஸ்.

கூரை பற்றி வேறு யாராவது சொல்லட்டும். நான் உயரத்துக்குப் பயந்தவன்.

ஸ்கார்பரோ சிவம் | மார்ச் 5, காலை 6.20

தம்பி, நான் கல்லூரி ஆட்டம் எடுத்ததில்லை. ரொறன்ரோவில் மகளின் ஹொக்கி எடுக்கிறேன், ஏழு வருசமாக. எங்களுக்குத் துளையும் இல்லை, ஸ்டூலும் இல்லை, கண்ணாடிக்கு ஊடாகத்தான் எல்லாம். உமக்கும் ஒரு பக்கத்துக்குத்தான் துளை என்றபடியால் இதைக் கேட்டுவையும்.

கமெராவை கண்ணாடிக்கு நேர் செங்குத்தாகப் பிடிக்க வேணும். சரித்தால் எல்லாம் இரட்டை விளிம்பாக, ஊதா விளிம்போடு வரும். ரப்பர் லென்ஸ் ஹூட் ஒன்று வாங்கி முனையில் மாட்டினால் பின்னால் இருக்கிற கன்ரீன் விளக்கு விழாது. கண்ணாடியில் உம்முடைய பிம்பம் விழாமல் கறுப்புச் சட்டை போடும். நான் முதல் வருசம் மகளின் கழக நிறம் என்று சிவப்பு ஜாக்கெட் போட்டுக்கொண்டு போய், கோல்கீப்பர் எல்லாருக்கும் நடுவில் ஒரு சிவப்புப் பேய் நிற்கிற மாதிரி எடுத்து வைத்திருக்கிறேன்.

பக் பட்ட கறுப்புத் தடம் இல்லாத ஒரு துண்டுக் கண்ணாடியை ஆட்டத்துக்கு முதலே பார்த்து வைக்கவும். உள்பக்கத்தை ரிங்க் ஆட்களிடம் கேட்டால் ஈரத்துணியால் துடைத்துத் தருவார்கள், ஒரு கோப்பிதான் செலவு.

வெண்சமநிலை | மார்ச் 5, காலை 9.05

உங்கள் ரிங்கில் என்ன விளக்கு? அதைச் சொல்லாமல் ஆளாளுக்கு ஐஎஸ்ஓ சொல்கிறீர்கள்.

பழைய மெட்டல் ஹேலைடு என்றால் அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 120 தடவை ஏறி இறங்கும். 1/1000ல் பத்து படம் தொடர்ந்து எடுத்தால் ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை, ஒன்று இருட்டு. கேமராவில் ஆன்ட்டி ஃபிளிக்கர் இருந்தால் போடுங்கள். கொஞ்சம் காத்திருந்து வெளிச்சம் உச்சத்தில் இருக்கும்போது அடிக்கும். நொடிக்கு நான்கைந்து படம் குறையலாம், குறையட்டும்.

புது எல்இடி என்றால் பிரச்சினை பெரும்பாலும் இல்லை. ஆனால் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் பலகை ஓரத்தில் ஓடும் விளம்பர எல்இடியில் பட்டைப் பட்டையாகக் கோடு வரும். மெக்கானிக்கல் ஷட்டர் போடுங்கள். ஹாக்கி மைதானத்தில் உங்கள் ஷட்டர் சத்தம் யாருக்கும் கேட்கப் போவதில்லை.

வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்), பனியைச் சமன் செய்யும் ஜாம்போனி வண்டி ஓடி முடித்த புதுப் பனியை வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். இதைவிடப் பெரிய, இலவசமான வெள்ளை அட்டை உலகத்தில் இல்லை.

பாஸ்டன் லதா | மார்ச் 5, மதியம் 12.31

என் ஓட்டு மூலைக்கே. கூரைப் படம் சதுரங்கப் பலகை மாதிரி. முதல் தடவை பார்க்க அழகு, பத்தாவது தடவை எல்லாம் ஒன்றுபோல. ஹெல்மெட், தோள், குச்சி, கோல் முன்னால் வரைந்த நீல அரைவட்டம். யார் என்று சட்டை எண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், மேலிருந்து அதுவும் பாதி தெரியாது.

இந்த ஊரில் ஹாக்கிப் படம் என்றால் ஒன்றுதான். 1970 மே 10, பாஸ்டன் புரூயின்ஸ் வீரர் பாபி ஓர் காற்றில் பறக்கும் படம். என்ஹெச்எல் பட்டமான ஸ்டான்லி கோப்பையின் இறுதித் தொடரில் நான்காவது ஆட்டம், கூடுதல் நேரம் தொடங்கி 40 நொடி. கோல் அடித்த கையோடு செயின்ட் லூயிஸ் வீரர் தட்டிவிட, கைகளை விரித்துக் கிடைமட்டமாக மிதக்கிறார். எடுத்தவர் ரே லூசியர், ஒரு பாஸ்டன் நாளிதழின் படக்காரர். அவருக்கு ஒதுக்கிய இடம் வேறு. புழுக்கம் தாங்காமல் வேறொரு படக்காரர் பீர் வாங்கப் போக, காலியான அவருடைய ஸ்டூலில் இவர் போய் உட்கார்ந்தார் என்று இங்கே எல்லாருக்கும் கதை தெரியும். அந்தப் படத்தைக் கூரையிலிருந்து எடுத்திருந்தால்? பனியில் விழுந்து கிடக்கும் ஒருவர், அவ்வளவுதான். அவர் தரையில் இல்லை என்பதே கீழே இருந்து பார்த்தால்தான் தெரியும்.

ஸ்டூலை விட்டு எழுந்திருக்காதே தம்பி. பீட்சாவுக்குக்கூட.

கேட்வாக் கண்ணன் | மார்ச் 5, மாலை 7.48

லதா அக்கா சொன்னதில் பாதி சரி. மேலிருந்து உயரம் தெரியாது. ஆனால் கீழிருந்து தெரியாதது ஒன்று இருக்கிறது: இடம். கோல் முன்னால் ஐந்து பேர் குவிந்து கிடக்கும்போது மூலையில் இருப்பவருக்கு ஐந்து முதுகு தெரியும். மேலே இருப்பவருக்கு பக் எங்கே, கோட்டுக்கு எத்தனை அங்குலம், கோல்கீப்பரின் கையுறை எந்தப் பக்கம் போனது என்று எல்லாம் தெரியும். நான் இண்டியானாவில் ஐந்து வருடம் அரீனாக்களில் ரிமோட் கட்டியிருக்கிறேன். அனுமதி கிடைத்திருக்கிறது, விடாதீர்கள்.

லென்ஸ். உங்கள் கேட்வாக் எவ்வளவு உயரம்? சின்ன ரிங்கில் 12 மீட்டர் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஃபுல் ஃபிரேமில் 85 மி.மீ. போட்டால் பனியில் ஏறத்தாழ 5 மீட்டருக்கு 3.4 மீட்டர் தெரியும். கோல் 6 அடி அகலம், அதாவது 1.83 மீட்டர். கோல், முன்னால் நீல வண்ணம், சுற்றி ஒரு கும்பல், எல்லாம் அடங்கும். சரியான அளவு. பெரிய அரீனாவில் 30 மீட்டர் உயரத்திலிருந்து இதே சட்டத்துக்கு 200 மி.மீ. வேண்டும். உங்கள் பழைய 85 இதற்கென்றே பிறந்தது.

ஃபோகஸ். எல்லாரும் செய்யும் தப்பு, பனியில் உள்ள கோட்டில் ஃபோகஸ் வைப்பது. பனியில் யாரும் முகம் வைத்துக்கொண்டு ஆடுவதில்லை. கோலின் குறுக்குக் கம்பியில் வையுங்கள். அது பனிக்கு மேல் 4 அடி. எஃப் 2.8ல் அந்தத் தூரத்தில் முன்னும் பின்னும் சேர்த்து இரண்டே முக்கால் மீட்டர் தெளிவாக இருக்கும். கீழே பனி, மேலே நின்றுகொண்டிருப்பவன் ஹெல்மெட், இரண்டும் அதற்குள். வைத்த பிறகு ஆட்டோ ஃபோகஸை அணைத்து, வளையத்தின் மேல் காஃபர் டேப்பைச் சுற்றிவிடுங்கள்.

கேமராவைச் சரியாகக் கோல் கோட்டுக்கு மேலே கட்டாமல், ஒன்றிரண்டு அடி முன்னால், ஆட்டம் நடக்கும் பக்கம் கட்டுங்கள். கோல், படத்தின் அடிப்பக்கம் வரட்டும். பக்கத்தில் விளக்கு இருந்தால் ஜாம்போனி ஓடிய பிறகு ஈரப்பனியில் அது வெள்ளைக் குண்டாகத் தெரியும். சோதனைப் படம் ஒன்றை ஈரப்பனியில் எடுத்துப் பாருங்கள்.

இனி நான் கத்திச் சொல்ல வேண்டிய இடம். கிளாம்ப் ஒன்று போதாது. பாடிக்கு ஒரு இரும்புக் கம்பிக் கயிறு, லென்ஸுக்குத் தனியாக ஒன்று, டிரிகருக்கு ஒன்று. லென்ஸ் ஹூட் கழன்று விழும், அதையும் டேப் போட்டு ஒட்டுங்கள். மேலே ஏறும் முன் சட்டைப்பை, பேன்ட் பை எல்லாம் காலி. பேனா, சாவி, ஃபோன் எதுவும் இல்லை. கீழே யாரும் இல்லாத நேரத்தில் கட்டுங்கள். கதவு திறந்து ஆட்கள் வந்த பிறகு அதைத் தொடவே கூடாது. ஆட்டம் முடிந்து பனியும் படிக்கட்டும் காலியான பிறகுதான் இறக்க வேண்டும். 12 மீட்டரிலிருந்து விழும் ஒரு நாணயம் போதும்.

பனிக்காலி | மார்ச் 5, இரவு 8.30

நன்றி கண்ணன் அண்ணா, நன்றி மாமா. சிவம் அண்ணா, கறுப்பு ஹூடி எடுத்து வைத்துவிட்டேன். விளக்கு எல்இடி, போன வருடம்தான் மாற்றினார்கள்.

ஒரு குழப்பம். நான் கிழக்கு மூலையில், ரிமோட் மேற்கில். டிரிகரைக் கையிலுள்ள கேமராவின் தலையில் மாட்டினால் நான் இங்கே சுடும்போதெல்லாம் அங்கேயும் சுடுமே? காலி கோலை ஆயிரம் படம் எடுத்துவிடுமே?

கேட்வாக் கண்ணன் | மார்ச் 5, இரவு 8.52

ஆமாம். அதனால் தலையில் மாட்டாதீர்கள். டிரிகரைத் தனியாகக் கையில் வைத்து, ஆட்டம் மேற்கில் இருக்கும்போது மட்டும் அமுக்குங்கள். இன்னும் நல்லது, விவரம் தெரிந்த நண்பர் ஒருவரை மேற்கு கோலுக்குப் பின்னால் படிக்கட்டில் உட்கார வைத்து அவரிடம் கொடுங்கள். 200 அடி தள்ளி இருக்கும் உங்களுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று கண் சொல்வதற்குள் கோல் விழுந்திருக்கும்.

எதிரெதிர் முனையில் இருப்பது நல்லதே. உங்கள் அணி முதல், மூன்றாம் பீரியடில் எந்தப் பக்கம் தாக்குகிறது?

பனிக்காலி | மார்ச் 5, இரவு 8.58

கிழக்கே, என் பக்கம். எங்கள் கோல்கீப்பர் அப்போது மேற்கில், கேமராவுக்குக் கீழே. இரண்டாவது பீரியடில் மாறும்.

கேட்வாக் கண்ணன் | மார்ச் 5, இரவு 9.10

அருமை. முதல் கூடுதல் நேரத்திலும் மாறும், இரண்டாவதில் திரும்ப வரும். மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், எதிரணியின் படக்காரரிடம் அவருடைய டிரிகர் எந்தச் சேனல் என்று கேளுங்கள். நான் ஒரு அரையிறுதியில் கேட்கவில்லை. இருவரும் சேனல் 1. அவர் எதிர்முனையில் அவர்கள் அணியைச் சுடச் சுட, என் கேமரா மேலே இருந்து ஆளில்லாத நீல வண்ணத்தை விடாமல் எடுத்துக்கொண்டிருந்தது. இரண்டாவது பீரியட் பாதியில் கார்டு நிறைந்தது. மூன்றாவதில் விழுந்த மூன்று கோலும் எனக்கு இல்லை. வீட்டுக்கு வந்து 1,900 படத்தைப் பார்த்தேன், பனி படிப்படியாக அழுக்காவது அழகாகத் தெரிந்தது.

வெண்சமநிலை | மார்ச் 5, இரவு 9.44

கார்டு என்றதும் ஞாபகம் வருகிறது. பிளேஆஃபில் டிரா கிடையாது. கோல் விழும் வரை 20 நிமிடம் 20 நிமிடமாகப் போகும். 2015 மார்ச்சில் மாசசூசெட்ஸ், நோட்டர் டேம் பல்கலைக்கழக அணிகள் ஆடியது ஐந்தாவது கூடுதல் நேரத்தில் முடிந்தது. மொத்தம் 151 நிமிடம் 42 நொடி, என்சிஏஏ வரலாற்றில் ஆக நீண்டது. இரண்டரை ஆட்டம் ஒரே ராத்திரியில். மேலே இருக்கும் கேமராவின் பேட்டரியை யார் மாற்றுவார்கள்? பேட்டரி கிரிப் போட்டு இரண்டு பேட்டரி வையுங்கள், பெரிய கார்டு வையுங்கள், விரலை அடக்குங்கள்.

பாஸ்டன் லதா | மார்ச் 5, இரவு 10.15

இதற்கு நேர் எதிர் 2023 என்சிஏஏ இறுதி ஆட்டம், டாம்பாவில். குயின்னிபியாக்குக்கும் மினசோட்டாவுக்கும் 2-2. கூடுதல் நேரம் தொடங்கி பத்தே நொடியில் குயின்னிபியாக்கின் ஜேக்கப் குயிலன் கோல் அடித்து முடித்தார். இடைவேளையில் லேப்டாப்பில் படம் அனுப்பிக்கொண்டிருந்த எத்தனை பேர் அதைத் தவறவிட்டிருப்பார்கள் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது. பக் விழும் முன் கண் வியூஃபைண்டரில் இருக்க வேண்டும்.

மினசோட்டா மாமா | மார்ச் 5, இரவு 10.21

அந்த ஆட்டத்தை இந்த ஊரில் யாரும் பேசுவதில்லை அம்மா.

எழும்பூர் கேலரி | மார்ச் 6, காலை 7.02

ஹா ஹா. மாமாவை விட்டுவிடுங்கள்.

நான் தெரியாமல் கேட்கிறேன். மேலே கேமரா இருந்தால் அடிபட்டுக் கிடக்கும் பையனும் அதில் விழுவான் இல்லையா? அவனுக்குத் தெரியாது, சுற்றி நிற்பவர்களுக்கும் தெரியாது. அப்போது என்ன செய்வீர்கள்?

கேட்வாக் கண்ணன் | மார்ச் 6, காலை 8.40

நல்ல கேள்வி. எடுப்பேன், வெளியிட மாட்டேன். எழுந்து தானாகப் போனால் பிறகு யோசிக்கலாம். ஸ்ட்ரெச்சர் வந்தால் டிரிகரைக் கீழே வைத்துவிடுவேன். இவர்கள் இருபது, இருபத்திரண்டு வயது மாணவர்கள், அம்மா அப்பா படிக்கட்டில் இருப்பார்கள். மேலிருந்து எடுத்த அந்த மாதிரிப் படம் வரைபடம் போல இருக்கும், அதுவே அதன் கொடூரம்.

மினசோட்டா மாமா | மார்ச் 6, மதியம் 1.15

ஒன்று விட்டுவிட்டேன். தம்பி, கடைசி மணி அடித்ததும் பக் இருக்கும் பக்கம் பார்க்காதே. ஜெயித்தவர்கள் தங்கள் கோல்கீப்பரை நோக்கி ஓடுவார்கள். கையுறை, குச்சி எல்லாம் பறக்கும். அப்போதுதான் ஹெல்மெட் கழலும், சீசனில் முதல் தடவையாக முகம் பார்ப்பாய். 1980 குளிர்கால ஒலிம்பிக்கில், லேக் பிளாசிடில் சோவியத் அணியை வென்ற அமெரிக்கக் கல்லூரிப் பையன்களை ஹைன்ஸ் க்ளூட்மயர் எடுத்தது அந்த நிமிடத்தைத்தான். ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் அதை அட்டையில் போட்டபோது தலைப்பு என்று ஒரு வார்த்தைகூட வைக்கவில்லை. கோல் இல்லை, பக் இல்லை அந்தப் படத்தில்.

உங்கள் கூட்டமைப்பு இறுதியும் அதே கட்டிடத்தில்தானே நடக்கும்? போய்ச் சேரட்டும் உங்கள் அணி.

பனிக்காலி | மார்ச் 7, நள்ளிரவு 12.50

வெள்ளி. தோற்றோம், 4-1. கூரைக் கேமராவில் மொத்தம் 11 படம்.

எல்லாம் செய்தேன். மூன்று கயிறு, டேப், குறுக்குக் கம்பியில் ஃபோகஸ், சேனல் கேட்டேன். டிரிகரோடு நண்பனை மேற்கே உட்கார வைத்தேன். பயிற்சி நேரத்தில் வேலை செய்தது. ஆட்டம் தொடங்கியதும் செத்துவிட்டது. முடிந்து மேலே போய்ப் பார்த்தால், கேமரா ஒரு நிமிடத்தில் தானாகத் தூங்கும்படி செட்டிங். தூங்கியது, டிரிகருக்கு எழவில்லை. அவ்வளவுதான் கதை. மேலே போகவும் முடியாது, நாலு கோல் விழும்போதும் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூலை வேறு உலகம். மாமா சொன்ன மாதிரியே கண் தெரிகிறது. கூண்டுக்குள் ஒருவன் நாக்கைக் கடித்துக்கொண்டு பக்கைத் துரத்தும் படம் ஒன்று இருக்கிறது, சீசன் முழுக்க எடுத்ததில் அதுதான் எனக்குப் பிடித்தது. புருவத்தில் ஒரு புடைப்பு.

ஸ்கார்பரோ சிவம் | மார்ச் 7, காலை 6.05

புடைப்புக்கு ஐஸ் வையும். பக்கத்திலேயே நிறைய இருக்கு.

கேட்வாக் கண்ணன் | மார்ச் 7, காலை 9.30

ஐயோ, அதைச் சொல்ல மறந்தது என் தப்பு. தூக்கத்தை அணைத்துவிடுங்கள், படம் எடுத்ததும் திரையில் காட்டுவதையும் அணையுங்கள். பேட்டரி தாங்கும். அப்புறம் கேமராவை இறக்கி வெளியே போகும் முன் பையில் போட்டு ஜிப்பை மூடுங்கள். வெளிக்குளிரில் ஊறிய பிறகு வீட்டுச் சூட்டில் உடனே திறந்தால் உள்ளே நீர் பூக்கும். ஒரு மணி நேரம் பையிலேயே கிடக்கட்டும்.

பனிக்காலி | மார்ச் 9, மாலை 5.20

தாமதத்துக்கு மன்னிக்கவும், நேற்று முழுக்கத் தூங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் நேற்றுதான் மூன்றாவது ஆட்டம்.

சனி ஜெயித்தோம், 3-2. கூரை வேலை செய்தது. மூன்றாவது பீரியடில் எங்கள் கோல்கீப்பர் கால் இரண்டையும் விரித்து, கையுறையைப் பின்னால் வீசி, கோட்டின் மேல் பக்கை அமுக்கிய படம். நீல வண்ணத்தில் ஒரு பெரிய வெள்ளை நட்சத்திரம் மாதிரி. மூலையிலிருந்து அதே நொடியில் நான் எடுத்தது மூன்று முதுகு. லதா அக்கா, இந்த ஒன்றில் கண்ணன் அண்ணா பக்கம்.

ஞாயிறு இரண்டாவது கூடுதல் நேரம் வரை போனது. எங்கள் கோல்கீப்பர் மறுபடி மேற்கே, கேமராவின் கீழே. நான் கிழக்கே. பத்தாவது நிமிடம் இருக்கும், அந்தப் பக்கம் ஒரு கும்பல், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று அரங்கம் அமைதியானது. எங்கள் ஊர் அரங்கம், அதனால் அமைதி என்றால் தோல்வி.

எல்லாரும் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இருபதடி முன்னால் எதிரணியின் கோல்கீப்பர் மட்டும் தனியாக நின்றார். அவருக்கும் முதலில் தெரியவில்லை என்று நினைக்கிறேன். சிவப்பு விளக்கு எரிந்ததும் குச்சியை விட்டார், ஒரு கையுறையை விட்டார், முகமூடியைத் தலைக்கு மேல் தள்ளினார், என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார் என்றால், கண்ணாடியில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். வாய் திறந்திருக்கிறது, பின்னால் 180 அடி வெறும் பனி, கடைசியில் புள்ளி புள்ளியாக அவர் அணி. அப்புறம் அந்த நீளம் முழுக்கத் தனியாக ஓடினார். எட்டுப் படம்.

எங்கள் பத்திரிகை முதல் பக்கத்தில் கைகுலுக்கும் வரிசையைப் போட்டது. இந்தப் படம் ஆறாம் பக்கத்தில், தபால்தலை அளவில். எதிரணியின் கோல்கீப்பரை எங்கள் ஊரில் யார் பார்க்கப் போகிறார்கள் என்றார் ஆசிரியர், அதுவும் நியாயம்தான். இன்று காலை அவர்கள் கல்லூரிப் பத்திரிகை கேட்டு எழுதியிருந்தது, கொடுத்தேன்.

இன்னொரு விஷயம் நான் எதிர்பார்க்காதது. எங்கள் கோல்கீப்பருக்கு இது கடைசி ஆண்டு இல்லை, அடுத்த சீசனும் இருக்கிறார். மதியம் என்னைத் தேடி வந்து, கடைசி கோலின் கூரைப் படங்கள் இருக்கிறதா என்று கேட்டார். நண்பன் சரியாக அமுக்கியிருந்தான், ஒன்பது படம். லேப்டாப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கோட்டை விட்டு எவ்வளவு முன்னால் வந்தோம், இடது காலுக்கும் கம்பத்துக்கும் நடுவில் எவ்வளவு வழி விட்டோம் என்று விரலால் அளந்தார். நாலாவது படத்தில் நிறுத்தி, "இங்கேதான்" என்றார். வருத்தமாக எல்லாம் இல்லை. மூன்று ஆட்டத்துக்கும் எல்லாம் அனுப்பச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்கு 11தான் இருக்கிறது, அதில் பாதி ஜாம்போனி என்று சொன்னேன்.

பாஸ்டன் லதா | மார்ச் 9, மாலை 6.02

அந்த எதிரணி கோல்கீப்பர் படத்தை இங்கே போடு. உடனே.

மினசோட்டா மாமா | மார்ச் 9, மாலை 6.40

ஆறாம் பக்கமா! உங்கள் ஆசிரியரின் தொலைபேசி எண்ணை மட்டும் இங்கே போடாதே, நான் கூப்பிட்டுவிடுவேன்.

கேட்வாக் கண்ணன் | மார்ச் 9, இரவு 9.15

அடுத்த சீசன் அந்தக் கோல்கீப்பரே உனக்கு கேட்வாக் அனுமதி வாங்கித் தருவார் பார். கிழக்கு கோலுக்கு மேலேயும் ஒன்று கேள். கயிறு எல்லாம் எண்ணி இறக்கினாயா?

பனிக்காலி | மார்ச் 9, இரவு 9.31

எண்ணினேன் அண்ணா, மூன்றும் இருக்கிறது. டேப் மட்டும் வளையத்திலிருந்து வர மாட்டேன் என்கிறது. பசையை எதை வைத்து எடுப்பது?

வெண்சமநிலை | மார்ச் 9, இரவு 9.50

ஐசோபுரோபைல் ஆல்கஹால், பஞ்சில் தொட்டு. கண்ணாடியில் பட வேண்டாம்.